சும்மா இருந்த கேப்பிபாரா

ஒரு ஊர்ல ஒரு முதலை இருந்துச்சாம். அந்த முதலைக்கு ஒரு அம்மா இருந்தாளாம். முட்டை போட்ட அம்மா இல்லடி, சோறு போட்ட அம்மா. பேரு பவுனுத்தாயி. அந்த ஊரு மிருகக்காட்சி சாலையில முதலைக்கு இரை போடுற வேலை அவளுக்கு. காலை எம்மேல போடாத, வேர்க்குது. தள்ளிப் படு. ம் சொல்லு. நீ ம் சொல்லலேன்னா நான் கதைய மூட்டை கட்டிருவேன்.

“ம்.”

ஆங், அப்படி. அந்த முதலைக்குப் பேரு தொரை. கையளவு குட்டியா வந்தது, பவுனு கையால மீன் தின்னு தின்னு பத்தடி நீளத்துக்கு வளந்துருச்சு. அவ வீட்ல ரெண்டு மகனுங்க இருந்தானுங்க. ஆனா தொரை மேலதான் அவளுக்குப் பாசம் ஜாஸ்தி. திட்டினா எதிர்த்துப் பேசாதுல்ல, அதான். தகர டப்பாவ டங் டங்குனு தட்டுவா. சத்தம் கேட்டா தொரை எங்க இருந்தாலும் தண்ணியக் கிழிச்சுக்கிட்டு வந்துரும்.

அப்புறம் ஒரு நாள் என்னாச்சுன்னா, கடல் தாண்டி ஏரோப்ளேன்ல ஒரு பெட்டி வந்துச்சு. தொரையோட குட்டைக்குப் பக்கத்துல புதுசா ஒரு குளம் வெட்டி, அதுல பெட்டியத் தொறந்தாங்க. உள்ளேருந்து ஒண்ணு வந்துச்சு பாரு, பவுனுக்குத் தலையும் புரியல வாலும் புரியல. ஒடம்பு பன்னி மாதிரி, மூஞ்சி எலி மாதிரி, வாலு இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமே இல்ல. பலகையில கேப்பிபாரான்னு எழுதி வெச்சாங்க. “இந்தப் பெருச்சாளிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?”னு பவுனு மோவாயில கைய வெச்சா.

அது என்ன பண்ணுச்சு தெரியுமா? தண்ணியில இறங்குச்சு. உக்காந்துச்சு. அவ்வளவுதான்.

“அப்புறம்?”

அப்புறம் ஒண்ணுமில்ல. உக்காந்தது உக்காந்தபடி இருந்துச்சு. அதுக்குத்தான்டி ஊரே திரண்டு வந்துச்சு! பிள்ளைங்க சட்டையில அந்த மூஞ்சி, பள்ளிக்கூடப் பையில அந்த மூஞ்சி, பரோட்டாக் கடை போர்டுல அந்த மூஞ்சி. கல்யாணப் பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோட வந்து அதுகூடப் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அது திரும்பிக்கூடப் பாக்கல.

பவுனுக்கு மண்டை காய்ஞ்சு போச்சு. வேலிகிட்ட நின்ன ஒரு போலீஸ்காரரக் கேட்டா, “ஐயா, இதுல என்னத்தப் பாக்குறீங்க?”

“ஒரு நாளாவது என்கிட்ட மனு குடுக்காத ஒரு ஜீவனப் பாக்கணும்ல”ன்னாரு அவரு.

அப்புறம் ஒரு காலேஜ் பொண்ணக் கேட்டா. “அது எதுக்கும் அலட்டிக்காதுக்கா, சோ க்யூட்!”னு அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி விட்டுச்சு. அப்புறம் ஒரு கணக்கு வாத்தியாரக் கேட்டா. “எனக்கே தெரியலம்மா. மார்க்கெட்டுக்குன்னுதான் பஸ் ஏறுனேன். இங்க வந்து நிக்கிறேன்”னு கையில இருந்த காலிப் பையக் காட்டுனாரு. பவுனுக்கு முன்ன இருந்த கொழப்பம் மூணு மடங்கா ஆயிருச்சு.

இதெல்லாம் நடக்குறப்ப தொரைகிட்ட ஒரு ஈ காக்கா இல்ல. அங்க தங்கப்பழம்னு ஒரு சூப்பிரண்டு ஐயா. அவரு பவுனைக் கூப்பிட்டு, “இந்தா பாரும்மா, உன் முதலைய யாரும் சீண்ட மாட்டேங்கிறாங்க. இன்னும் மூணு நாள் பாப்பேன். கூட்டம் வரலேன்னா வேற ஊருக்கு அனுப்பிருவேன்”னுட்டாரு. பவுனு நேரா தொரைகிட்ட ஓடுனா. வேற ஊர்ல எவன் பாப்பான் தொரைய? முள்ளு இருக்குற மீன் போட்டா துப்பும், அது எவனுக்குத் தெரியும்?

தூங்கிட்டியா? ம் சொல்லுடி.

“ம்ம்.”

மொத நாள் பவுனு என்ன பண்ணா, தொரைகிட்டப் போயி, “டேய், அது சும்மா இருக்கு. நீயும் சும்மா இரு”ன்னா. தொரை எப்பவும் சும்மாதான் இருக்கும், அதுக்குச் சொல்லவா வேணும்? வாயத் தொறந்து வெச்சுக்கிட்டு காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அசையாம கெடந்துச்சு. ஒரு அம்மா எட்டிப் பாத்துட்டு, “ஐயோ, செத்துக் கெடக்கு போல, வாங்க போலாம்”னு பிள்ளைங்கள இழுத்துக்கிட்டுப் போயிட்டா. பவுனுக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். “அது சும்மா இருந்தா அழகு, என் புள்ள சும்மா இருந்தா பொணமா? இது என்னடா நியாயம்!”

ரெண்டாம் நாள். அந்தக் கேப்பிபாரா தலையில ஒரு ஆரஞ்சுப் பழத்த வெச்சிருந்தாங்க. அது பாட்டுக்குத் தலையில பழத்தோட இருந்துச்சு, ஜனங்க உருகுனாங்க. பவுனும் ஒரு ஆரஞ்சு வாங்கிட்டு வந்து, நீளக் கரண்டியில வெச்சு, மெதுவா... மெதுவா... தொரை தலையில வெச்சா. தொரை மண்டைதான் சாய்வா இருக்குமே! பழம் உருண்டுச்சு, உருண்டுச்சு, மூக்கு வரைக்கும் வந்துச்சு. படக்! பழம், கரண்டி ரெண்டும் காலி.

மூணாம் நாள். கேப்பிபாரா முதுகுல ஒரு காக்கா போயி உக்காந்துச்சு. ஜனங்க, “அடடா, காக்காகூட சினேகம் பாரு”ன்னு கைதட்டுனாங்க. பவுனும் நாலு பருக்கை சோத்த தொரை முதுகுல போட்டு, கா கா கான்னு கூப்பிட்டா. காக்காயும் வந்துச்சு. பாவம், வேலிய ஒட்டி பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரிசையா நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. காக்கா சோத்தக் கொத்திக்கிட்டே மூக்குப் பக்கம் நகர்ந்துச்சு. லபக்!

“ஐயோ!”

ஐயோதான். ஒரே ஒரு கறுப்பு எறகு மட்டும் பறந்துச்சு. நாப்பது பிள்ளைங்களும் வீல்னு அழுதுச்சுங்க. தங்கப்பழம் அன்னிக்கே லாரிக்குச் சொல்லிட்டாரு. மறுநாள் காலையில தொரை வேற ஊருக்கு.

பவுனு அழுதா. அழுதுட்டு மூக்கச் சிந்திட்டு எழுந்தா. ஊருக்குப் போற புள்ளைய வெறும் வயித்தோட யாராச்சும் அனுப்புவாங்களா? விடிஞ்சதும் தன் வீட்டுக் கோழி நாலையும் கொண்டாந்து போட்டா. ஒரு கூடை கெண்டை மீன் போட்டா. போற வழியில பசிக்குமேன்னு இன்னும் ரெண்டு கோழி போட்டா. தொரை தின்னு தின்னு, வயிறு தரையில தேயுற அளவுக்கு ஊதிப் போச்சு.

அப்போ லாரி வந்துச்சு. ஆறு பேரு கயித்தோட வந்து கதவத் தொறந்தாங்க. கயிறு போடுறதுக்குள்ள தொரை, சரக்கு சரக்குனு அவங்க காலுக்கு நடுவுல பூந்து, நேரா பக்கத்துக் குளத்துக்குப் போயி, தொபுக்கடீர்னு விழுந்துருச்சு! வந்திருந்த ஜனங்க அத்தனை பேரும் அலறுனாங்க. கேப்பிபாரா இருந்த குளம்ல அது!

“தின்னுருச்சா?”

பொறுடி. கேப்பிபாரா ஒரு காத மட்டும் லேசா ஆட்டுச்சு. தொரை மெல்ல மெல்ல அதுகிட்டப் போச்சு. போயி, அது முதுகுல தாடைய வெச்சு, கண்ண மூடித் தூங்கிருச்சு.

அடேயப்பா! அத போட்டோ எடுத்தாங்க, வீடியோ எடுத்தாங்க, நாடு முழுக்கப் பரவிருச்சு. கேப்பிபாரா தொட்டா முதலைகூட சாதுவாயிரும்னு பேசிக்கிட்டாங்க. தங்கப்பழம் லாரியத் திருப்பி அனுப்பிட்டாரு. “ரெண்டும் ஒரே குளத்துலயே இருக்கட்டும். பவுனு, உன் தொரை இனிமே சைவம். கேரட் போடு”ன்னாரு.

“கேரட்டா?”

கேரட்டுதான். சிரிக்காதடி. தொரைய அனுப்பலேன்னு பவுனுக்கு ஒரு கண்ணு சிரிக்குது, இன்னொரு கண்ணு பதறுது. நெசமாவே அந்தப் பெருச்சாளி எதாச்சும் வசியம் பண்ணுச்சா? இல்ல, அந்த ஆறு கோழி பண்ண வேலையா? கோழியாத்தான் இருக்கும். அப்படின்னா அது செரிச்ச அன்னிக்கு என்ன ஆகும்? திருட்டுத்தனமா எதாச்சும் போடலாம்னா, தங்கப்பழம் ராத்திரி பகலா ஆள் போட்டு வெச்சிருந்தாரு. உண்மையச் சொன்னா என் புள்ள லாரி ஏறிரும், சொல்லலேன்னா அந்த அசட்டு மிருகம் வயித்துக்குள்ள போயிரும். என்னத்த பண்றதுன்னு தெரியாம குளத்துப் படியில உக்காந்து ஆறு நாள் காவல் காத்தா.

ஆறாம் நாள் அவளுக்குத் தாங்கல. முந்தானைய வாயில வெச்சு அழுதுக்கிட்டு இருந்தா. அப்போ அந்தக் கேப்பிபாரா தண்ணிய விட்டு ஏறி வந்துச்சு. சொத சொதன்னு வந்து, அவ பக்கத்துல உக்காந்துச்சு. அவளப் பாக்கவும் இல்ல, நக்கவும் இல்ல, ஒண்ணும் கேக்கவும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா பவுனுக்கு அழுகை நின்னு போயிருந்துச்சு. அது மேல இருந்த கோவத்தத் தேடிப் பாத்தா, அதையும் காணோம். “நீ என்னடி பண்ண என்னைய?”ன்னு கேட்டா. அது புல்லு மென்னுச்சு.

ஏழாம் நாள் வேலியச் சுத்தி நிக்க எடம் இல்ல, அவ்வளவு கூட்டம். தொரை கண்ணத் தொறந்துச்சு. பவுனுக்குத் தெரியும்டி அந்த முழி. பசி முழி. வாலு தண்ணியில ஒரு தடவை ஆடுச்சு. தலை கேப்பிபாரா பக்கம் திரும்புச்சு. ஜனங்க, “முத்தம் குடுக்கப் போகுது பாரு!”ன்னு கைதட்டுறாங்க.

பவுனு தொபீர்னு தண்ணிக்குள்ள குதிச்சுட்டா! ரெண்டுக்கும் நடுவுல போயி நின்னுக்கிட்டு, தொரை மூக்குல பளார்னு ஒண்ணு வெச்சா. “டேய்! வாய மூடு!”

தொரை வாய ஆன்னு தொறந்துச்சு. அவ நகரல. கூட்டத்தப் பாத்துக் கத்துனா, “இது சாதுவும் இல்ல, சாமியாரும் இல்ல! அன்னிக்கு நான் ஆறு கோழி போட்டேன், அதான் கடிக்கல! இப்ப பசிக்குது இதுக்கு! பசிச்சா தின்னுரும், இது முதலைங்க!”

பவுனு இடுப்புல சொருகியிருந்த தகர டப்பாவ எடுத்து டங் டங்குனு தட்டுனா. தொரை வாய மூடுச்சு. அவ பின்னாடியே கரையேறி, சரக்கு சரக்குனு நடந்து, தன் பழைய குட்டைக்குள்ள எறங்கிருச்சு. பவுனு கதவப் பூட்டிட்டு, இருந்த மீனெல்லாம் அள்ளிப் போட்டா. போட்டுட்டு, எல்லாம் முடிஞ்சுதுன்னு கோன்னு அழுதா.

அப்போ தங்கப்பழம் வந்தாரு. பவுனு சாவிய நீட்டுனா. “லாரிக்குச் சொல்லிருங்கய்யா. ஆனா முள்ளு எடுத்த மீனாப் போடச் சொல்லுங்க.”

அவரு சாவிய வாங்கல. தலையச் சொறிஞ்சாரு. “எனக்கு ஒண்ணுமே புரியல பவுனு. திரும்பிப் பாரு.”

திரும்பிப் பாத்தா, கூட்டம் மொத்தமும் தொரையோட வேலியில அப்பிக்கிட்டு நிக்குது! “ஆறு கோழி தின்னுட்டு சாமியார் வேஷம் போட்டது இவன்தானா?”ன்னு ஒருத்தர ஒருத்தர் தள்ளிக்கிட்டு எட்டிப் பாக்குறாங்க. காக்காவுக்கு அழுத பிள்ளைங்ககூட வந்திருந்துச்சுங்க. “அக்கா, இவன் பேரு என்ன? இன்னொரு தடவை அந்த டப்பாவத் தட்டுங்கக்கா!”

தொரை போகல. அந்த ஊர்லயே இருந்துச்சு. போதுமா? இப்ப நிம்மதியா?

“ம்... கேப்பிபாரா?”

அதுவா? அதுகிட்ட அன்னிக்கு ஒருத்தரும் இல்ல. கூட்டம் இருந்தப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியேதான் இருந்துச்சு. பவுனு வேலைய முடிச்சா, டப்பாவக் கழுவிக் கவுத்தா, வீட்டுக்குன்னுதான் கெளம்புனா. பாத்தா குளத்துப் படியில உக்காந்திருக்கா. அதோட முதுகத் தடவிக் குடுத்தா, தொடப்பம் மாதிரி சொரசொரன்னு இருந்துச்சு. ஏன் வந்தோம்னு அவளுக்குத் தெரியல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு தெரியும். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு உக்காந்தே இருந்தா.

கேட்டுச்சா? ம் சொல்லு.

...சரி, சொல்ல வேணாம். முதலை குட்டைக்குப் போச்சு, கதை கரைக்கு வந்துச்சு. தூங்குடி.