யார் கால் அளவு

இடிக்க வந்த அரண்மனை ஆட்கள் முதல் சம்மட்டியை ஓங்கியதுமே கூத்தபிரான் சுவர்மேல் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். சுவர் இன்னும் இடுப்பளவுகூட எழவில்லை. ஆகையால் ஏறுவது சிரமமாக இல்லை. ஏறியபின் கம்பீரமாகவும் இல்லை.

“இறங்கும்,” என்றார் ராஜா, பல்லக்கில் இருந்தபடி. “சபையில் என்னைச் சிரிக்க வைக்கிறவர் என்பதற்காக விட்டுவிட மாட்டேன்.”

“என்னையும் சேர்த்து இடிக்கச் சொல்லுங்கள் மகாராஜா. இரண்டு வேலை ஒன்றாக முடியும்.”

நெடுங்கரை ராஜாவுக்குக் கோபம் வரவில்லை. கழுத்தில் கிடந்த புது முத்துமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அதைக் கொடுத்த வணிகர் தனஞ்செயர் பல்லக்கின் பக்கத்திலேயே நின்றார். துறைமுகத்தில் அவருக்குப் பட்டறை. அங்கே பலகையும் சட்டமுமாகச் செய்த வீடுகள் வண்டியேறி வரும். காலையில் இறக்கினால் சாயங்காலம் குடிபோகலாம். தெருவில் பாதி அப்படி முளைத்தாகிவிட்டது. ஒரே வாசல், ஒரே ஜன்னல், ஒரே பச்சை வர்ணம். மிச்சமிருக்கும் மண்சுவர்களை இடித்துவிட்டு எல்லோரும் அதையே வாங்க வேண்டும் என்பது கட்டளை.

கூத்தபிரானும் மனைவி உலகம்மையும் மச்சான் வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் குடியிருந்துகொண்டு, கிடைத்த பொழுதில் மண் குழைத்து எழுப்பிய சுவர் இது. இது போனால் மறுபடி மாட்டுக்குப் பக்கத்தில்தான். அல்லது பச்சைக்குள்.

“இறங்கி வாங்க,” என்றாள் உலகம்மை, சேற்றுக் கையோடு. “அந்த வீட்டுலயாவது அடுக்களை அகலமா இருக்குதோ என்னவோ.”

அது பழைய வழக்கு. மனைபோட்ட அன்று கூத்தபிரான்தான் குதிகாலும் விரலுமாக அடிவைத்து அளந்தார். அடுக்களை ஒடுங்கிப்போனது. கேட்டதற்கு, வீட்டு எஜமானன் காலால் அளப்பதுதான் முறை என்று வாயை அடைத்துவிட்டார்.

இப்போது அவர் முகம் மலர்ந்தது.

“வாங்கிக்கொள்கிறேன் மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். வணிகரே, உம்முடைய வீட்டை யார் காலால் அளந்தீர்?”

தனஞ்செயர் சிரித்தார். “என் பட்டறை. என் கால்தான்.”

“அப்படியா! யார் கால் அளந்ததோ அவரே எஜமானன். இந்தத் தெரு முழுக்க உம்முடையதா? நாளைக்கு அரண்மனைக்கும் ஒன்று வாங்கினால், மகாராஜா உம்முடைய வீட்டில் குடியிருப்பாராக்கும்.”

முத்துமாலை உருளுவது நின்றது.

“ஐயையோ!” வணிகர் கைகூப்பினார். “வாய் தவறிவிட்டது. மகாராஜாவின் திருவடி அளவு. அதை நினைத்துத்தான் அளந்தேன்.”

“மகாராஜாவே எஜமானரா? ரொம்ப சந்தோஷம்.” கூத்தபிரான் சுவர்மேல் வாகாக நகர்ந்து உட்கார்ந்தார். “மூன்றாம் வீட்டில் கிழவர் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறார். எஜமானருக்குத்தானே தீட்டு? திருவிழா சமயம் வேறு. கோவிலுக்குள் போக முடியாது. ஆறாம் வீட்டில் கூரை ஒழுகுகிறது. மகாராஜா ஒரு நடை வந்து பார்த்தால் தேவலை.”

“தனஞ்செயரே,” என்றார் ராஜா. குரல் தணிந்திருந்தது. “என் கால் உமக்கு எப்படிக் கிடைத்தது?”

வணிகருக்கு வியர்த்துக் கொட்டியது. “யார் காலும் இல்லை மகாராஜா! சத்தியமாக! பட்டறையில் ஓர் இரும்புக் கோல் கிடக்கிறது. எல்லா வீட்டுக்கும் அதே கோல்தான்!”

“இதை முதலிலேயே சொல்லக்கூடாதா?” கூத்தபிரான் சுவரிலிருந்து குதித்தார். “மகாராஜா, அந்தக் கோலை நல்ல நாள் பார்த்துக் குடியேற்றிவிடுங்கள். அதற்கு அளவு கச்சிதமாக இருக்கும். பால் காய்ச்ச நான் வருகிறேன்.”

ராஜா சிரித்த சிரிப்பில் பல்லக்கு ஆடியது. தூக்கிகள் தோள் மாற்றிக்கொண்டார்கள். மாலையை அவர் கழற்றவில்லை. கட்டளையை மட்டும் கழற்றிவிட்டார். “இனி அவரவர் வீடு அவரவர் பாடு. என்ன பரிசு வேண்டும், கேளும்.”

“இடிக்க வந்தவர்கள் சும்மா திரும்ப வேண்டாம். ஒரு பகல் எனக்கு மண் சுமக்கட்டும்.”

சம்மட்டிகள் ஓரமாகச் சாய்ந்தன. கூத்தபிரான் ஆட்களை வட்டமாக உட்காரவைத்து, வணிகருக்கு வியர்த்ததை நடித்துக் காட்டத் தொடங்கினார். சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது.

உலகம்மை, சுவர் இன்னும் எழும்பாத அடுக்களைப் பக்கம் போனாள். அங்கே அவர் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைப் பாதத்தால் தேய்த்து அழித்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, குதிகாலை மூலையில் பதித்து, அதன் முன்னால் அடுத்த காலை வைத்தாள்.