அணில் திருப்பி எறிஞ்ச பல்லு

ஒரு சீமையில ஒரு ராசா இருந்தாராம். கோயில் கோயிலாப் போயி, தவமாத் தவமிருந்து அவருக்கு ஒரு பொட்டப்பிள்ள பொறந்துச்சாம். பேரு பூங்கோதை. அது சிரிச்சாத்தான் ராசாவுக்குச் சோறு இறங்கும், அம்புட்டுப் பிரியம். ஏலே செல்வம், கதை கேக்கும்போது வாயில என்னத்தப் போட்டுச் சப்புத? சரி சரி, கேளு.

பிள்ளையத் தூங்க வைக்க மூக்கம்மான்னு ஒரு செவிலி இருந்தா. சரியான சோம்பேறி. தாலாட்டுப் பாட அவளுக்கு வாய் வலிக்குமாம். அதனால என்ன செய்வா, கருப்பட்டியத் துணியில முடிஞ்சு பிள்ள வாயில வச்சிருவா. பிள்ள சப்பிக்கிட்டே தூங்கிரும், இவளும் குறட்டை விட்டுருவா. ராணி, "பிள்ளைக்குப் பல்லு விளக்குனியா?"ன்னு கேட்டா, "பால் பல்லுதானே அம்மா, விழப்போற பல்லை எதுக்கு விளக்கணும்?"ம்பா. ராணியும் சரின்னு விட்டுட்டா.

அப்புறம் ஒரு நா, பிள்ளையோட முன்பல்லு கறுத்துப் போயி, நேரங்காலம் இல்லாமப் பொட்டுன்னு விழுந்துருச்சு. வழக்கப்படி சாணியில பொதிஞ்சு கூரையில எறிஞ்சாங்க. கூரையில இருக்க அணிலு பழசை எடுத்துக்கிட்டுப் புதுசு தரும்லா? ஆனா எறிஞ்ச பல்லு டொக்குன்னு முத்தத்துல திரும்பி விழுந்துச்சு. மறுபடி எறிஞ்சாங்க, டொக்குன்னு வந்துச்சு. மூணாந்தரம் ராசாவே எறிஞ்சாரு, அவரு கிரீடத்து மேலயே டொக்கு!

அதுக்குள்ள அடுத்த பல்லும் வலியெடுத்து, கன்னம் பணியாரமா வீங்கிருச்சு. இட்லி குடுத்தா வேண்டாம், பழம் குடுத்தா வேண்டாம், பால் குடுத்தாலும் வேண்டாம். சிரிப்புன்னு ஒண்ணு பேருக்குக்கூட இல்ல. ராசா சும்மா இருப்பாரா? வேட்டிய மடிச்சுக் கட்டி, ஏணி போட்டுக் கூரை மேல ஏறிட்டாரு. கீழ மந்திரிமாரு, "ராசா, ஓடு வழுக்கும்!"னு கத்துதாங்க.

"அணிலே, அணிலே, எம்பிள்ளைக்குப் பல்லு தரமாட்டியா?"

"சொத்தைப் பல்லை வாங்கி நான் என்ன செய்ய ராசா? நேரம் வந்து விழுந்தாத்தானே புதுசு தரலாம்?"

"விழப்போற பல்லுதானேன்னு இருந்துட்டோம் அணிலே."

"நல்லாருக்கு போங்க! கூத்துப் பாக்க முன்னாலேயே துண்டு போட்டு எடம் பிடிக்கீகள்ல? புதுப் பல்லுக்குப் போட்டு வச்ச துண்டுதான் பால் பல்லு. துண்டை உருவிட்டா பக்கத்துல உள்ளவன் நகண்டு உக்காந்துக்கிடுவான். பொறவு வர்றவன் கோணிக்கிட்டுத்தான் நிக்கணும். இனிப்பைச் சப்பவிட்டுத் தூங்க வைக்காம, மிச்சப் பல்லையாவது காப்பாத்துங்க."

ராசா கண்ணைத் துடைச்சுக்கிட்டு இறங்கி வந்தாரு. "எம்பிள்ளைக்கு இனிப்புக் குடுத்துத் தூங்க வச்சது யாரு?"

"நானா? ஐயோ ராசா, கருப்பட்டி கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாதே!"ன்னு மூக்கம்மா கையெடுத்துக் கும்புட்டா. ஆனா எறும்புக்குத் தெரியும்லா? சாரை சாரையா வந்து, கால்ல ஏறி, முழங்கால்ல ஏறி, அவ அதை ஒளிச்சு வச்சிருந்த மடிக்குள்ளயே பூந்துருச்சு. "ஆத்தாடி! அம்மாடி! கடிக்குதே!"ன்னு அவ குதிச்ச குதியில, மடியில இருந்த கருப்பட்டி பொதுக்குன்னு ராசா காலடியில விழுந்துச்சு. அதைப் பாத்து பூங்கோதை, வீங்குன கன்னத்தோட, கெக்கெக்கேன்னு சிரிச்சிருச்சு. ராசா பிள்ளையத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு.

வைத்தியரு வந்து சொத்தையச் சரி பண்ணுனாரு. மூக்கம்மாவுக்கு என்ன தண்டனை? ஊர்ப் பிள்ளைக எல்லாத்துக்கும் காலையிலயும் ராத்திரியும் பாட்டுப் பாடிக்கிட்டே பல்லு விளக்கி விடணும். சோம்பேறிக்கு நல்லா வேணும்! பூங்கோதைக்கு மட்டும் ராசாவே மடியில உக்கார வச்சு விளக்கி விடுவாரு. அந்நேரம் எந்த ராசா வந்தாலும் வாசல்லதான் நிக்கணும்.

பொறவு நேரம் வந்து, முல்லை மொட்டாட்டம் ஒரு பல்லு விழுந்துச்சு. கூரையில எறிஞ்சாங்க. ராசா, ராணி, மந்திரிமாரு எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

டொக்குச் சத்தம் வரவே இல்ல.

கதை கூரை ஏறிப் போச்சு, பல்லு அணிலுக்கு ஆச்சு. ஏலே செல்வம், அந்த மிட்டாயத் துப்பு. வா ராசா, நான் விளக்கி விடுதேன்.