இரட்டைக்குழலில் ஒரு குளவிக்கூடு

தேர்தல் வந்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும். எஸ்டேட் முதலாளி தெய்வசிகாமணிக்கு அது பொறுக்கவில்லை. ஜீப்பில் வந்து இறங்கி, தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கான்ஸ்டபிள் பூங்கோதையின் மேஜைமேல் வைத்தார்.

"நேத்து ராத்திரிகூட வானத்தைப் பார்த்து ரெண்டு குண்டு போட்டுத்தான் யானையை விரட்டினேன். கொடுத்தது கொடுத்தபடி திரும்பி வரணும். ஒரு துரும்பு குறைஞ்சாலும் உன் யூனிபார்மைக் கழட்டிடுவேன்."

ஸ்டேஷனே வாயைப் பிளந்து கேட்டது. பூங்கோதை, தோட்டா இருக்கிறதா என்று பார்க்கத் துப்பாக்கியைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். இரண்டு குழலிலும் ஒரே இருட்டு.

"ரசீதுல குளவிக்கூட்டையும் சேர்த்துக்கறேங்கய்யா" என்றாள்.

"என்ன கூடு?"

"ரெண்டு குழல்லயும் மண்ணு வச்சுக் கட்டியிருக்கு. காய்ஞ்சு இறுகிக் கிடக்கு. கூட்டுக்கு நான் பொறுப்பு. குளவி பறந்து போனா மட்டும் யூனிபார்மைக் கழட்டிடாதீங்க."

முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. "அதைத் தட்டி விட்டுடும்மா."

"கொடுத்தது கொடுத்தபடி இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்று எழுதிக்கொண்டே பூங்கோதை நிமிர்ந்தாள். "ஒரே ஒரு சந்தேகங்கய்யா. நேத்து அந்த யானை ஓடினது குண்டுக்கா, குளவிக்கா?"