எட்டு கம்ப்யூட்டரை ஓட வெச்ச கதை

மூளையை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு, சாவியையும் உள்ளயே போட்டுட்டு வேலைக்கு வந்தவங்க மூணு பேரு. ஆவுடையப்பன், மாசானம், கோமதிநாயகம். புளியங்குடிக்கு மேக்க ஒரு எலுமிச்சை ஆராய்ச்சித் தோப்புல காவல் வேலை.

அங்க ஆராய்ச்சி பண்ணுதவங்க குழல்வாய்மொழி மேடம். எலுமிச்சைக்குச் சொறி நோய் வருது பாத்தியளா, அதைத் தாங்குற மரம் எதுன்னு கண்டுபிடிக்கணும். மரத்துக்கு மரம் இலையைக் கிள்ளி, அதோட ஜீனை எல்லாம் எழுத்தா மாத்தி வெச்சிருந்தாவ. எழுத்து எம்புட்டுன்னா, ஒத்தக் கம்ப்யூட்டர் படிச்சு முடிக்குறதுக்குள்ள மேடம் ரிட்டயர் ஆயிருவாவ. அதான் எட்டு பழைய கம்ப்யூட்டரை ஒயரால கோத்து, நீள மேசைமேல வரிசையா வெச்சிருந்தாவ. ஒண்ணு மேஸ்திரி, ஏழு சித்தாளு. மேஸ்திரி வேலையைப் பிச்சுப் பிச்சுக் குடுக்கும், ஏழும் செய்யும்.

முடிவைக் காட்டலேன்னா தோப்பையே மூடிருவேன்னு ஒரு அதிகாரி சொல்லிட்டாரு. அவரைக் கையோட கூட்டிட்டு வர மேடம் கோயம்புத்தூர் கிளம்புனாவ.

"எட்டும் ஓடிக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், அம்புட்டும் போச்சு. பிளக்கைப் பிடுங்கினீங்க, தொலைச்சிருவேன்!"

மூணு பேரும் மேசைக்கு எதுக்க உக்காந்து பாத்தாங்க.

"அண்ணாச்சி, எங்க ஓடுது? வெச்ச எடத்துலயேல்லா இருக்கு?"ன்னான் கோமதிநாயகம்.

"மெதுவா ஓடும்லே. கடியாரத்துல சின்ன முள்ளு ஓடுறது ஒனக்குத் தெரியுதா?"ன்னாரு ஆவுடையப்பன்.

சந்தேகத்துக்கு மாசானம் மேசைக் காலைச் சுத்திச் சாக்பீஸால கோடு போட்டான். சோறு தின்னுட்டு வந்து பாத்தா, கோட்டை விட்டு ஒரு நூல் நகரல. பதறிப்போயி மேடத்துக்குப் போனைப் போட்டாங்க.

"மேடம், எட்டும் நின்ன எடத்துலயே நிக்குது!"

பஸ் சத்தத்துல மேடத்துக்குப் பாதிதான் கேட்டுச்சு. "என்னது, நிக்குதா? ஐயோ, எம் பொழப்பே போச்சே! எப்படியாவது ஓட வைங்கய்யா!" போன் கட்.

ஆவுடையப்பன் மோவாயைத் தடவுனாரு. "அடியில உருளைக் கட்டை குடுத்தா ஓடும்."

"கட்டைக்கு எங்க போக? எல்லா மரமும் காய்ச்சு, வேலை பாக்குது அண்ணாச்சி."

"வேலிப்பக்கம் ஒண்ணு காயே புடிக்காம சும்மா நிக்குல்லா?"ன்னான் மாசானம்.

"நிக்கக் கூடாதுன்னுதானே மேடம் சொன்னாவ? வெட்டுலே!"

வெட்டி, துண்டு போட்டு, மேசைக்கு அடியில குடுத்தாச்சு. அப்பப் பாத்து மாசானம் ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணாச்சி, மேஸ்திரி எங்கயாவது ஓடிப் பாத்திருக்கியளா?"

நியாயமான கேள்வி. ரொம்ப நேரம் பேசி, மேஸ்திரியை மட்டும் ரெண்டு சித்தாளு தலைமேல ஏத்தி உக்கார வெச்சாங்க.

பிளக்கைப் பிடுங்கக் கூடாதுல்லா? ஒயர் எட்டுற மட்டும் முன்னால தள்ளுனாங்க, பொறவு பின்னால இழுத்தாங்க. ஒருத்தன் தூங்கினா மத்தவன் தள்ளுனான். கம்ப்யூட்டரா? அது பாட்டுக்கு எப்பவும் போல உள்ள வேலையைப் பாத்துச்சு.

மேடம் அதிகாரியோட வந்து கதவைத் திறந்தா, மேசை நேரா அவுகளைப் பாத்து வருது.

"வழி விடுங்க மேடம், ஓடுது!"

மேடம் ஸ்கிரீனைப் பாத்தாவ. முடிவு வந்திருந்துச்சு! மேசைகூடவே முன்னயும் பின்னயும் நடந்து நடந்து படிச்சாவ.

"சார், கெடைச்சிருச்சு! சொறியைத் தாங்குற மரம்! வேலிப்பக்கம் கடைசி மரம் சார். அங்க மண்ணு சரியில்லாம காய்க்கல, ஆனா அதுல கிளை எடுத்து ஒட்டுக் கட்டினா ஊரு தோப்பெல்லாம் பொழைச்சிரும். வாங்க, காட்டுதேன்!"

மூணு பேருக்கும் சந்தோசம்னா சந்தோசம்.

"அம்புட்டு தூரம் நடக்க வேண்டாம் மேடம். குனிஞ்சு பாருங்க, மேசைக்கு அடியிலதான் இருக்கு."

மேடம் குனிஞ்சாவ. "வே... வேரு?"

"வேரைத் தொடல மேடம். அது தானாவே ஓடும்லா, அதான் விட்டுட்டோம்."

மேடம் பொத்துன்னு நாற்காலியில விழுந்தாவ. கண்ணு அசையல, வாய் மூடல.

"அண்ணாச்சி, மேடம் நின்னுட்டாவ!"

"உக்காந்துல்லாலே இருக்காவ?"

"உக்காந்தமேனிக்கே நின்னுட்டாவ அண்ணாச்சி!"

அவ்வளவுதான். நாற்காலியோட தூக்கி மேசைமேல வெச்சுத் தள்ள ஆரம்பிச்சாங்க. அதிகாரி பயந்து சுவரோரமா ஒதுங்கி நின்னாரு. நிக்கலாமா? அவரையும் தூக்கிக் கம்ப்யூட்டருக்கு நடுவுல சொருகுனாங்க.

"நிறுத்துங்கய்யா! தோப்பை மூட மாட்டேன்! சத்தியமா மூட மாட்டேன்! நிறுத்துங்க!"ன்னு அலறுதாரு அவரு.

ஆவுடையப்பன் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாரு: "சும்மா இருங்க சார். நிறுத்தினா ஒங்களை முதல்லேர்ந்துல்லா ஆரம்பிக்கணும்!"