தலை தாழ்த்திய காட்டுப்பன்றியும் முதுகு காட்டிய முள்ளம்பன்றியும்

மலையின் இந்தப் பக்கம் காட்டுப்பன்றிகள். அந்தப் பக்கம் முள்ளம்பன்றிகள். நடுவில் ஒரே ஒரு ஊற்று. அதற்காக இரண்டு கூட்டமும் மாறி மாறிச் செத்துக்கொண்டிருந்தன. பெயரில் இருந்த உறவு தண்ணீரில் இல்லை.

கரிச்சி என்ற தாய்ப்பன்றியின் மூத்த மகன், சண்டை மூண்ட முதல் நாளே கழுத்தில் முள் தைத்துச் செத்துப்போனான். இப்போது இளையவன் முறை. விடிந்தால் அவன் சண்டைக்குப் போக வேண்டும். கரிச்சி நேரே தலைவன் கோரைப்பல்லனிடம் போனாள்.

"நான் தூது போறேன். ஒரு தடவை பேசித்தான் பார்ப்போமே!"

"தூதா? தோத்துட்டோம்னு ஒத்துக்கச் சொல்றியா?" என்று தலைவன் சீறினான். அவனுக்கென்ன, சண்டையில் அவன் எப்போதும் பின்வரிசைதான்!

"நான் தோத்துட்டுத்தான் நிக்கிறேன். என் மூத்தவன் எங்கேன்னு நீங்களே சொல்லுங்க!"

"சரி, போய்த் தொலை!" என்றான் தலைவன்.

கரிச்சி மலையேறிப் போனாள். முள்ளம்பன்றிகளின் தலைவி முள்ளாத்தா தன் கூட்டத்தோடு எதிரே வந்தாள். பன்றிகளின் வழக்கப்படி கரிச்சி மூக்கைத் தரையில் வைத்து வணங்கினாள். அவ்வளவுதான்! எல்லா முள்ளம்பன்றிகளும் சட்டென்று முதுகைத் திருப்பி முள்ளைச் சிலிர்த்தன.

கரிச்சிக்கு ரத்தம் கொதித்தது. வணங்கியவளுக்கு முதுகைக் காட்டுகிறார்களே! பாய்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் இளையவன் முகம் கண்முன் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டாள்.

"வணக்கம் சொன்னா இப்படியா அவமானப்படுத்துவீங்க?" என்று படுத்தபடியே கத்தினாள்.

"வணக்கமா? தலையைத் தாழ்த்தினா முட்ட வர்றதாத்தானே அர்த்தம்!" என்றாள் முள்ளாத்தா.

"எங்களுக்கு அதுதான் மரியாதை! நீங்க எதுக்கு முதுகைக் காட்டுறீங்க?"

"பயத்துலதான்! பயந்தா எங்களுக்கு முதுகு தானா திரும்பிடும்!"

முள்ளாத்தா முள்ளைத் தாழ்த்தி மெல்லச் சொன்னாள்: "சண்டை மூண்ட அன்னைக்கு ஊத்துகிட்ட ஒரு சின்னப் பையன் எங்களைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினான். முட்டத்தான் வர்றான்னு நெனச்சு..."

"அவன் என் மகன்," என்றாள் கரிச்சி. "பெரியவங்களைப் பார்த்தா வணக்கம் சொல்லணும்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

சொல்லிவிட்டு அழுதாள். இதைத் திரும்பிப் போய்ச் சொன்னால் மொத்தக் கூட்டமும் பழிவாங்கக் கிளம்பிவிடும். ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை.

"என் புருஷனும் அதே எடத்துலதான் விழுந்தாரு," என்று முள்ளாத்தாவும் அழுதாள்.

அழுதபடியே இருவரும் பேசினார்கள். காலையில் காட்டுப்பன்றிகள் தண்ணீர் குடிக்கட்டும், மாலையில் முள்ளம்பன்றிகள். எதிரெதிரே வந்தால் பன்றிகள் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும், முள்ளம்பன்றிகள் முகம் காட்டி நிற்க வேண்டும். இரண்டு கூட்டமும் ஒத்துக்கொண்டன. சண்டை நின்றது.

மறுநாள் காலை இளையவன் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தான்.

"பேசினா தீர்ற விஷயம்தானாம்மா இது? அண்ணன் இருக்கும்போதே யாராவது போய்ப் பேசியிருக்கலாமே!" என்று கேட்டான்.

கரிச்சி மூத்தவன் விழுந்த இடத்துக்குப் போய் மூக்கைத் தரையில் வைத்தாள்.

அண்டை நாடுகளின் சண்டையை என்றைக்கானாலும் பேசித்தான் முடிக்க வேண்டும் என்பதால், அந்தப் பேச்சை முதல் உயிர் போவதற்கு முன்பே தொடங்குவதுதான் அறிவு.