பாதி டம்ளர்

கதை பாதியில் இருக்கும்போதே தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிடுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. கேள்வி வரும்வரை கொஞ்சம் பொறுங்கள். பதில் அதற்குக் கீழேயேதான் இருக்கிறது, எங்கும் ஓடிவிடாது.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை. அரியநாயகம் என்ற பெரியவர் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலுமாக அங்கே வந்து சேர்ந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சொர்ணம் போன மாதம்தான் தவறியிருந்தாள். ஒரே மகள் மங்கைக்குக் கோயம்புத்தூரில் வேலை. அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாமா என்று ஏற்கெனவே கணவனோடு பேச ஆரம்பித்திருந்தாள். அவருக்கோ சொர்ணம் புழங்கிய வீட்டை விட்டு வேறெங்கும் இருக்க மனமில்லை.

நிறையக் குடிக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளே போவது எவ்வளவு, சிறுநீராக வெளியே வருவது எவ்வளவு என்று கட்டிலில் தொங்கும் அட்டையில் நர்சுகள் எழுதவேண்டும். "ஏறினது எத்தனை, இறங்கினது எத்தனை. நான் எழுதாத கணக்காம்மா இது?" என்று பெரியவர் சிரித்தார். அந்த வார்டில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காலை நர்சு கலாராணி. கஞ்சியோ மோரோ காப்பியோ, டம்ளர் நிறையக் கொடுப்பாள். பெரியவர் மனைவியைப் பற்றிப் பேச்செடுத்தால், எல்லாம் சரியாகிவிடும் தாத்தா என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். எது சரியாகும்? செத்தவள் எழுந்தா வரப்போகிறாள்? திரும்பி வரும்போது டம்ளர் காலியாக இருக்கும். முழு டம்ளர் குடித்தார் என்று எழுதுவாள். அந்த வார்டில் எல்லோரும் எழுதுவது அப்படித்தான்.

மாலை நர்சு நஸீமா. ஒரு நாள் அவள் டம்ளரைக் கொடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் பாதி குடித்தார். மீதியை மூடி வைத்தார். அது ஆறிப்போனதும் மெல்ல எழுந்துபோய் வாஷ்பேசினில் ஊற்றி, டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்தார். அவள் அதட்டவில்லை. அந்தப் பாதி யாருக்கு என்று மட்டும் கேட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டில் ஒரே டம்ளர்தானாம். அவர் பாதி, சொர்ணம் பாதி. "அவ போயிட்டான்னு தெரியும்மா. என் கையாலதானே கொள்ளி வச்சேன். ஆனா முழுசாக் குடிச்சா, அவ பங்கையும் நானே குடிச்ச மாதிரி தொண்டையில நிக்குது." பிறகு குரலைத் தாழ்த்தி, "என் மககிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. கிழவனுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு வீட்டைப் பூட்டிடுவா" என்றார்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன் ஐயா" என்று நஸீமா வாக்குக் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து அவள் இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். ஒன்று சொர்ணம் அம்மாவுக்கு என்று தனியாக வைத்தாள். பெரியவர் தன்னுடையதை முழுதாகக் குடித்தார். அதை மட்டும் சரியாக அட்டையில் எழுதினாள். இரண்டாவது டம்ளரைப் பற்றி எங்கும் எழுதவில்லை. டூட்டி மாறும்போதுகூட வாய் திறக்கவில்லை. பிறகு தங்கையின் நிக்காஹுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

அவள் இடத்துக்கு வந்தவள் பெனிட்டா. மாலையிலும் பழையபடி ஒரே டம்ளர், பாதி வாஷ்பேசினுக்கு. அட்டையைப் பார்த்தால் ஏறியது ஏராளம், இறங்கியது சொற்பம். தண்ணீர் உடம்பில் தங்குகிறது, சிறுநீரகம் சோர்ந்துவிட்டது என்று டாக்டர் நினைத்தார். குடிப்பதைக் குறைக்கச் சொல்லி, நீர் பிரிய மருந்தும் கொடுத்தார். ஏற்கெனவே வறண்டு கிடந்த உடம்பு. பெரியவருக்கு எழுந்து உட்கார்ந்தாலே தலை சுற்றியது.

அப்போதும் தள்ளாடிக்கொண்டு போய், "குடிச்சிட்டியா சொர்ணம்" என்று முணுமுணுத்தபடி அவர் காப்பியைக் கொட்டுவதை பெனிட்டா பார்த்துவிட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'பாதியைக் கொட்டிவிடுகிறார். இறந்த மனைவியோடு பேசுகிறார். மனக்குழப்பம்' என்று எழுதி, டாக்டரிடம் ஓடினாள். முதல் வரியைப் பார்த்த டாக்டர் மருந்தை நிறுத்தி சலைன் ஏற்றினார், பெரியவர் பிழைத்தார். கடைசி வார்த்தையைப் பார்த்துவிட்டு மனநல மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினார். மகளுக்கும் போன் போயிற்று. முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்துவிட்டே மங்கை வந்து இறங்கினாள்.

அன்றைக்குத்தான் நஸீமா வேலைக்குத் திரும்பினாள். பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீயுமாம்மா சொல்லிட்டே?"

வாசகர்களே, இப்போது சொல்லுங்கள். மூன்று நர்சுகளில் யார் செய்தது சரி? நஸீமா இனி வாயைத் திறக்கலாமா, கூடாதா?

பதில்: கலாராணியை முதலிலேயே தள்ளிவிடலாம். டம்ளர் காலியானதை எழுதினாளே தவிர, மனிதர் குடித்ததை எழுதவில்லை. பெனிட்டா கண்ணால் பார்த்ததை எழுதியது உயிரைக் காத்தது; கேட்காமலே தீர்மானித்ததையும் சேர்த்து எழுதியதுதான் அவர் வீட்டுக்கு உலை வைத்தது. அப்படியானால் நஸீமாதானே என்பீர்கள். அவசரப்படாதீர்கள். பெரியவர் சொன்னதைத் திரும்பிப் படியுங்கள். மகளிடம் மட்டும் சொல்லாதே என்றார். டாக்டரிடம் சொல்லாதே என்று அவர் சொல்லவே இல்லை. கேட்டதைவிடப் பெரிய வாக்கைத் தானாகக் கொடுத்து, அதில் தானே மாட்டிக்கொண்டாள். அவள் பஸ் ஏறியதும் அந்த நல்ல மனசும் கூடவே ஏறிப் போய்விட்டது. 'மீதி மனைவியின் பங்கு, மனைவி இறந்தது தெரிந்தேதான் வைக்கிறார், தெளிவாகப் பேசுகிறார், இரண்டு டம்ளர் கொடுக்கவும்' என்று எழுதியிருந்தால் கலாராணிகூடக் கொடுத்திருப்பாள். ஆகவே சரிக்குப் பக்கத்தில் நின்றவள் நஸீமா. வாயைத் திறக்கவேண்டியவளும் அவள்தான். திறந்தாள். டாக்டரிடம் முழுதும் சொன்னாள். மகளிடம் சொல்லலாமா என்று பெரியவரிடமே போய்க் கேட்டாள். அவர் சொன்னார்: "நானே சொல்லிக்கிறேன். நீ ரெண்டு டம்ளர் காப்பி மட்டும் கொண்டா."