டேப் சுற்றிய ஆறு மணி நேரம்

“எல்லாத்தையும் டேப்பிலேயே வெச்சிரலாமுங்களா, மேடம்?”

இருதயராஜ் கேட்டது இவ்வளவுதான். இதைக் கேட்பதற்காகவே முதல் பஸ்ஸைப் பிடித்து மலையேறி வந்திருந்தார்.

மெஹருன்னிசா ஜன்னலைப் பார்த்தார். மஞ்சு மூடி, எதிரிலிருந்த மலையையே காணவில்லை.

பழைய தேயிலை ஆலை ஒன்றில் பிறருடைய கணினி விவரங்களின் நகல்களை டேப்பில், அதாவது காந்த நாடாவில், வைத்துப் பாதுகாப்பது மெஹருன்னிசாவின் வேலை. வயது முப்பத்தெட்டு. பேக்கப் எடுக்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவார்கள். பாதிப் பேருக்குப் பதில் கிடைக்காது. ஆனாலும் மறுபடி போவார்கள்.

இருதயராஜுக்கு ஐம்பத்தாறு. கீழே ஒரு மருத்துவமனையில் கணினி அறை அவர் பொறுப்பு. அங்கே ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருபது கணினிகள் குடித்தனம் நடத்தின. தனித்தனி உடம்பு கிடையாது. மெய்நிகர்க் கணினிகள் என்பார்கள். இரத்த வங்கிக்கு ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று, சமையற்கூடத்துக்கு ஒன்று.

தினமும் காலையில், நகல் எடுத்தாயிற்று என்று திரையில் பச்சை டிக் வரும். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காபி இறங்கும். நகல்கள் எங்கே இருந்தன என்றால், அதே பெட்டியின் டிஸ்க்கில். மாற்றுச் சாவியையும் அதே வளையத்தில் கோத்து வைத்த கதை.

போன மாதம் பெட்டி செத்தது. நகல்களும் கூடவே போயின.

அன்று பிரசவமான ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. குளிர்பெட்டி நிறையப் பைகள் இருந்தன. எந்தப் பை சோதித்து முடித்தது என்ற விவரம் மட்டும் கணினிக்குள் இருந்தது. வேறு மருத்துவமனையிலிருந்து இரத்தம் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

அவ்வளவு நேரமும் அவள் கணவர் இரத்தம் கேட்டு எழுதிய சீட்டோடு இரத்த வங்கிக் கவுண்டரில் நின்றார். இருதயராஜ் அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. இப்போது டிஸ்க் என்ற பேச்சே அவருக்கு ஆகவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் தனியாக ஒரு டிஸ்க் வைக்கலாம் என்று உடன் வேலை செய்கிறவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். புதுப் பெட்டி விற்க வந்தவர் கிளவுட் என்றார். இவர் டேப் என்று ஒரே பிடியாக நின்றார். டேப் மலைமேல் பத்திரமாக இருக்கும், இருபது வருஷம் ஆனாலும் கெடாது. புதுப் பெட்டி வந்ததிலிருந்து நகலை டேப்பில்தான் எழுதி மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். முடிவை அன்று மாலைக்குள் நிர்வாகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

“தப்புங்களா, மேடம்?”

மெஹருன்னிசா உள்ளே போய் ஒரு டேப்பை எடுத்து வந்தார். இருதயராஜ் அனுப்பியதுதான். இயந்திரத்தில் செருகிவிட்டு, சும்மா கிடந்த ஒரு கணினியைக் காட்டினார்.

“இரத்த வங்கிக் கணினியை அந்த நகல்ல இருந்து இதுல எழுப்புங்க சார்.”

இருதயராஜ் பத்து வருஷமாக நகல் எடுக்கிறார். ஒன்றைக்கூடத் திரும்ப எழுப்பிப் பார்த்ததில்லை. அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

இருபது கணினிகளையும் ஒரே டேப்பில் கலந்து எழுதியிருந்தார். அதிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க ஆறு மணி நேரம் ஆகும் என்றது திரை.

சரி, உட்காரலாம் என்று திரும்பினார். மெஹருன்னிசா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இருதயராஜ் நின்றார்.

டேப் ஓடும் ஓசை தாலாட்டு மாதிரி இருந்தது. கதவிடுக்கு வழியாக மஞ்சு உள்ளே வந்து காலைச் சுற்றியது. சுவர் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நிற்பது ஆலையிலா மருத்துவமனையிலா என்பதும் கொஞ்ச நேரத்தில் மறந்துபோயிற்று.

பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கையில் சீட்டு.

“எவ்வளவு நேரமாகுங்க?”

இருதயராஜ் திரையைப் பார்த்தார். “நாலு மணி நேரமுங்க.”

“சரிங்க.”

சத்தம் போட்டிருந்தால் தேவலை. அவர் போடவில்லை.

இருதயராஜுக்கு ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது. பழைய எக்ஸ்ரே என்றால் நாளைக்கு வரச் சொல்லலாம், ஒருத்தரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றார். சமையற்கூடத்துப் பட்டியலைக் கையாலேயே எழுதிக்கொள்ளலாம் என்றார். டேப்பின் அருமையையும் விளக்கினார், இருபது வருஷம் கெடாது என்றார்.

“நல்லதுங்க,” என்றார் அந்த மனிதர்.

இருதயராஜுக்கு முழங்கால் கடுத்தது. சீட்டு ஈரத்தில் நனைந்து எழுத்துக் கலங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பயந்து அவர் திரையையே பார்த்தார். எண் மெல்ல மெல்லக் குறைந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு டேப் நின்றது. இரத்த வங்கி எழுந்து வந்தது. பைகளின் பட்டியல் முழுசாக இருந்தது, ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. இருதயராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“வந்திருச்சுங்க,” என்று திரும்பினார்.

வாசலில் மெஹருன்னிசா நின்றிருந்தார்.

“யாருகிட்ட சொன்னீங்க சார்?”

“கவுண்டர்ல நின்னாரே, அவருகிட்டங்க.”

“அவர் எங்கே?”

இருதயராஜ் அறை முழுவதும் பார்த்தார். மஞ்சுதான் இருந்தது.

“இரத்த வங்கியை மட்டும் பக்கத்துக் கட்டடத்து டிஸ்க்குல வெச்சிர்றேனுங்க. அவருக்கு ஆறு மணி நேரம் இல்லீங்க, மேடம்.”